வீரனை விளையாட விடுங்கள்

கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவனை நம் ஊரில் யாரும் கேலி செய்வதில்லை. சொந்தச் சம்பளத்தில் பொம்மை வாங்குகிறவனைத்தான் கேலி செய்கிறோம். சிங்காநல்லூரில் மாலை வேளையில் நான்கு பெரியவர்கள் கூடினால், மூடிப்போன மில்கள், குளத்து ஆகாயத்தாமரை, திருச்சி ரோட்டு நெரிசல் எல்லாம் பேசித் தீர்ந்தபின் பேச்சு பிள்ளைகள்மேல் பாயும். "ஏனுங்க, அந்த இஞ்சினீயர் தம்பி சம்பளத்தையெல்லாம் சப்பான் பொம்மையில போடறாராமா? கேட்டா வெளையாட்டுங்கறாரு!" என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைத்தான் இங்கே தொடுக்கிறேன்.

விஷயம் இன்னதென்று அறியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலின் மேல் கணு அளவே உயரமுள்ள சிறு உருவங்கள். 28 மில்லிமீட்டர் என்பது கணக்கு. பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்த்தவை. நிறமில்லாமல், பல சமயம் கை வேறு கால் வேறாகப் பெட்டியில் வரும். வாங்கியவர் அவற்றை ஒட்டி, அடிவர்ணம் கொடுத்து, மெல்லிய தூரிகையால் கவசத்தின் ஒவ்வொரு கயிற்றுக்கும் நிறம் தீட்ட வேண்டும். பிறகு மேஜைமேல் ஒரு கிராமம் எழும்பும்: அட்டைக் குடிசை, மூங்கில் புதர், வயல் வரப்பு. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு உருவங்களோடு இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். அளவுகோலால் அளந்து நகர்த்துவார்கள். வெட்டு விழுந்ததா, எதிரி தடுத்துவிட்டானா என்பதைப் பகடை சொல்லும். அக்குரோணிக் கணக்கான யுத்தம் அல்ல. ஒரு தெருச் சண்டை அளவுள்ள கைகலப்புதான். 2013இல் இங்கிலாந்தின் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட ‘ரோனின்’ என்ற விதிநூல் இந்த வகையைச் சேர்ந்தது. சாமுராய்கள் மட்டுமல்ல, போர்த்துறவிகளும் கொள்ளைக்காரர்களும்கூட அதில் அணி கட்டி இறங்கலாம்.

இதன்மேல் நம் பெரியவர்கள் சுமத்தும் குற்றங்கள் மூன்று. வயது வந்தவன் பொம்மை வைத்து விளையாடுகிறான். பணத்தைப் பாழாக்குகிறான். அதுவும் அந்நிய நாட்டுப் பொம்மைக்கு.

முதல் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். வயது வந்தவர்கள் விளையாடாத பொம்மை எது ஐயா? யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைச் சேனையையும் கட்டத்தில் நிறுத்திச் சதுரங்கம் ஆடியவர்கள் பால்குடி மறவாத பிள்ளைகளா? 1824இல் பிரஷ்யாவின் ராணுவம், வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டும் விளையாட்டைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகம் போட்டுவிட்டு, தகரச் சிப்பாய்களோடு தரையில் தவழ்ந்த எச். ஜி. வெல்ஸ், அப்போது நாற்பதைத் தாண்டிய, உலகறிந்த நாவலாசிரியர். யுத்த வெறி பிடித்தவர்கள் ஓர் அறைக்குள் இந்தச் சிப்பாய்களை வைத்து ஆடித் தீர்த்துக்கொள்ளட்டும், மற்ற ஜனங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பா நிஜச் சிப்பாய்களைக் களத்தில் இறக்கியது.

வெளிநாட்டுச் சாட்சி வேண்டாமென்றால் உள்ளூர்ச் சாட்சி இருக்கிறது. இதே சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ஜூபிடர் நிறுவனத்தார் ‘ராஜகுமாரி’யை எடுத்தார்கள். 1947இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம் அது. ராஜா ராணிக் கதைகளுக்கு ஸ்டுடியோக்களில் பலகையாலும் அட்டையாலும் அரண்மனை எழும்பின காலம். கூரில்லாத கத்தியைச் சுழற்றினார்கள். தமிழ்நாடே காசு கொடுத்துப் பார்த்துக் கைதட்டியது. அன்று கைதட்டியவரின் பேரன் இன்று தன் அட்டை அரண்மனையை மேஜைமேல் கட்டிக்கொள்கிறான். தாத்தா செய்தால் ரசனை, பேரன் செய்தால் பைத்தியமா?

இரண்டாவது குற்றம் பணம். ஒரு பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, மறுக்கவில்லை. ஒரே நாளில் கிழிந்து தொங்கப்போகும் பிளெக்ஸ் பேனருக்கு நாம் கொடுக்கிற பணம் எவ்வளவு? காதுகுத்துக்கு வெடிக்கிற வாணத்துக்கு எவ்வளவு? அந்தச் செலவில் மிஞ்சுவது புகை. இந்தச் செலவில் மிஞ்சுவது கைவேலை. கோயம்புத்தூர் கைவேலையால் பிழைத்த ஊர் என்பதை நாம் மறக்கலாகாது. பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவருக்கும், வார்ப்படச் சாலையில் மரப் பேட்டர்ன் செதுக்குகிறவருக்கும், லேத்தில் நூலிழை பிசகாமல் கடைகிறவருக்கும் கண்ணும் கையும் ஒத்துழைப்பதன் அருமை தெரியும். கடுகளவு முகத்தில் புருவம் வரைய மூன்று மாலை மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிற பையனை அவர்கள் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். கைபேசியைத் தேய்த்துக்கொண்டே பொழுதைத் தொலைக்கிறவர்கள்தான் சொல்வார்கள்.

மூன்றாவது குற்றம்தான் கனமானது. "நம்ம ஊர்ல வீரனுங்களே இல்லீங்களா? சப்பான்காரன் எதுக்குங்க?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நானும் அதையே கேட்கிறேன். ஆனால் அந்தப் பையனிடம் கேட்கவில்லை. கேட்டவரிடமே திருப்பிக் கேட்கிறேன்.

வீரர்கள் இல்லாமலா போனார்கள்? கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு அண்ணன்மார் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியண்ணன் பொன்னர், சின்னண்ணன் சங்கர், தங்கை அருக்காணித் தங்கம். கூடவே தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த தோழன் சாம்புவன். எதிர்ப்பக்கம் வேட்டுவர். வயலை அழிக்க வருகிற கொம்பன் என்ற காட்டுப் பன்றி. அந்த மலைபோன்ற பன்றியை மடக்கித் தருவது யார்? பொன்னாச்சி என்ற ஒரு சின்னஞ்சிறு பெட்டை நாய். பாடகர் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடி வந்த கதை இது. கனடாவிலிருந்து வந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் 1965இல் கொங்குக் கிராமத்தில் தங்கி இதை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் கேலிச்சித்திரப் படத் தொடராகவும் ஆக்கினார். மு. கருணாநிதி நாவலாக எழுதினார்; அது 2011இல் சினிமாவாகவும் வந்தது.

இப்போது மேஜை விளையாட்டின் கண்ணால் இந்தக் கதையைப் பாருங்கள். இரண்டு சிறு கூட்டங்கள். பெயருள்ள ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம்: நிதானிக்கும் அண்ணன், ஆத்திரக்காரத் தம்பி, பலசாலித் தோழன், வருவதை முன்கூட்டி அறியும் தங்கை. ஒரு மிருகம். அதை வீழ்த்த ஒரு நாய்க்குட்டி. காடு ஒருபுறம், உழவு நிலம் ஒருபுறம். யாரோ உட்கார்ந்து இந்த விளையாட்டுக்கென்றே கட்டிவைத்ததுபோல இல்லையா? அப்படியிருந்தும் கொம்பனையோ பொன்னாச்சியையோ கட்டைவிரல் கணு அளவில் வார்த்து விற்கிற பெட்டி நம் கடைத்தெருவில் கண்ணில் படவில்லை. சாமுராய் மட்டும் கடல் தாண்டி வந்து தபால்காரர் கையால் சிங்காநல்லூர் வாசலில் இறங்குகிறான்.

ஏன்? வார்க்கத் தெரியாதா? வார்ப்படம் கொங்கு நாட்டின் ரத்தத்தில் ஓடுகிறது. உருவம் பிடிக்கத் தெரியாதா? ஊர்க்கோடியில் மண்குதிரை செய்த குயவரின் கை நம்முடையது. காரணம் அதுவல்ல. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல நமக்குப் பயம். நான் சொல்கிறேன்.

மேஜைமேல் வைத்த வீரன் தோற்கலாம். பகடை சரியாக விழாவிட்டால் சங்கர் பன்றியிடம் அடிபட்டு விழுவார். வேட்டுவர் பக்கம் ஆடுகிறவர் கெட்டிக்காரராயிருந்தால் அண்ணன்மார் இருவரையும் ஒரே மாலையில் வீழ்த்திவிடுவார். விளையாட்டென்றால் அதுதான். ஆனால் நம் ஊரில் வீரன் தோற்கலாகாது. வீரனுக்கு வாரிசுகள் இருக்கிறார்கள். அண்ணன்மாரைத் தங்கள் குலத்து முன்னோராகக் கொண்டாடுகிறவர்கள் ஒருபுறம். தங்களுக்கும் பெருமையும் வரலாறும் உண்டு என்று நியாயமாகவே சொல்லும் வேட்டுவர் மறுபுறம். பொம்மைப் பெட்டியின்மேல் யார் படத்தைப் பெரிதாகப் போடுவது என்பதிலேயே பஞ்சாயத்து கூடிவிடும்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? கொங்கு நாட்டில் கற்பனைப் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்பது பழங்கதையல்ல. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, 2014 டிசம்பரில் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2015 ஜனவரியில் அந்த எழுத்தாளர், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். காகிதத்தில் வாழ்ந்த ஒரு கணவன் மனைவிக்கே இந்தக் கதி. கையில் வாளோடு, பெயரோடு, குலத்தோடு மேஜைமேல் நிற்கிற வீரனுக்கு என்ன கதி ஆகும்?

ஆகவே அந்தப் பையன் சாமுராயை வாங்குகிறான். அந்நிய மோகம் என்று அவனைத் திட்டுகிறோம். மோகமும் இருக்கலாம், சினிமாவும் சித்திரக் கதையும் ஊட்டியது. ஆனால் அதற்கு அடியில் ஒரு நிம்மதி இருக்கிறது. சாமுராய் தோற்றால் சிங்காநல்லூரில் யாருக்கும் மனம் புண்படாது. யாரும் கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடாது. நம்முடைய வீரர்களை நாமே பூட்டிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டு வீரனோடு விளையாடுகிறானே என்று பிள்ளையைக் கோபிப்பது என்ன நியாயம்?

சாமுராய் மட்டும் எப்படி விளையாட்டுக்குக் கிடைத்தான் என்பதையும் யோசிக்க வேண்டும். ஜப்பான் அவனை ஒரு சாதியாக வைத்துக்கொள்ளாமல் கலைத்தது. 1876இல் வாள் தரிக்கத் தடை போட்டது. அதை ஏற்காமல் 1877இல் சத்சுமாவில் கிளர்ந்த சாமுராய்களை, கட்டாயச் சேவையில் எடுத்த சாதாரணக் குடிமக்களின் படை அடக்கியது. அதற்குப் பிறகு சாமுராய் கதையாகவும் நாடகமாகவும் பொம்மையாகவும் மாறினான். அந்த நாட்டில் மார்ச் 3ஆம் தேதி, சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா ராணிப் பொம்மைகளை அடுக்குகிறார்கள். நம் நவராத்திரிக் கொலுவேதான். மே 5ஆம் தேதி ஆண்பிள்ளைகளுக்காகக் கவசம் பூண்ட வீரப் பொம்மைகளை வைக்கிறார்கள். பொம்மையாகி விட்டதால் வீரன் தாழ்ந்துபோய்விடவில்லை. உலகம் முழுவதும் அவனைத் தெரிந்துகொண்டது.

இந்த இடத்தில் தம்பிகளோடும் எனக்குச் சண்டை உண்டு. பெரியவர்களைத் திட்டினேன் என்று குதிக்க வேண்டாம். பொம்மையோடு சேர்த்து ‘சாமுராய் மானம்’, ‘சாமுராய் தர்மம்’ என்று ஒரு சரக்கையும் சிலர் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். அதைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். ‘புஷிதோ’ என்ற பெயரை உலகமெங்கும் பரப்பிய புத்தகம் 1900இல், நிதோபே இனாஸோ என்பவர் வெளிநாட்டாருக்காக இங்கிலீஷில் எழுதியது. அதற்கு முன்னால் 1603 முதல் 1868 வரை நீண்ட தோக்குகாவா ஆட்சியில், பெரும்பாலான சாமுராய்கள் நெல்லில் சம்பளம் அளந்து வாங்கி, கச்சேரியில் கணக்கெழுதிய உத்தியோகஸ்தர்கள். யுத்தம் நடந்த காலத்திலும் களத்தைத் தீர்மானித்தது வாள் மட்டும் அல்ல. 1543இல் போர்ச்சுக்கீசியர் மூலம் துப்பாக்கி வந்தது. 1575இல் நாகஷினோவில், பேர்பெற்ற தகேதா குதிரை வீரர்களை நோபுனாகாவின் சாதாரணக் காலாட்கள் துப்பாக்கியால் வீழ்த்தினார்கள். உங்கள் பெட்டியிலேயே அந்தக் காலாளும் இருக்கிறான். அவனுக்கும் அதே அக்கறையோடு வர்ணம் தீட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1942, 43இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். அவர்களை வேலை வாங்கிய ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது, பழைய சாமுராய் வாளின் சாயலில் செய்த வாள். வாளை வணங்கச் சொன்னால் அது அங்கே கொண்டுபோய் விடும். வாளை வைத்து விளையாடுகிறவனுக்கு அந்த ஆபத்து குறைவு. ஏனென்றால் இந்த வாரம் தன் சாமுராய் ஒரு கொள்ளைக்காரன் தடியால் சரிந்ததை அவனே கண்ணால் பார்த்தவன்.

இந்தச் சுபாவம் நமக்குப் புதிதல்ல. ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபக் கல்லிலும் பாறையிலும் கட்டம் கீறி நம் பாட்டன்மார் ஆடினார்கள். ஒரு ஆட்டத்தில் புலி வைத்தவர் அடுத்த ஆட்டத்தில் ஆடு வைப்பார். புலிக்குப் பிறந்தவன் நான், ஆட்டைத் தொட மாட்டேன் என்று யாராவது எழுந்து போனார்களா? எதிராளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணால் களத்தைப் பார்க்கிற பயிற்சி அது. அந்தப் பயிற்சி இன்று நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதை மீட்கிற எந்த விளையாட்டும், அதன் பொம்மை எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எனக்கு நல்ல விளையாட்டுத்தான்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையிலும் ஒரு வார்த்தை. என் தொழிலே கற்பனை மனிதர்களை நிறுத்தி நகர்த்துவதுதான். தோற்கவே கூடாது என்று முன்கூட்டி முடிவு செய்துவிட்ட பாத்திரத்துக்கு உயிர் வராது. அவன் வாயைத் திறந்தால் மேடைப் பேச்சுத்தான் வரும். அண்ணன்மார் கதையைக் கட்டிய பாடகனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவன் கதையில் அண்ணன்மார் ஜெயித்து முடிசூடி உட்காரவில்லை. தெய்வத்தின் செயலால் தங்கள் வாள்மேலேயே விழுந்து மாள்கிறார்கள். சாமுராய்க் கதைகளைக் கண்டு மெய்சிலிர்க்கிற தம்பிகள் இதைக் கேட்டிருக்கிறீர்களா? மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும், அண்ணன்மார் கோயில்கள் பலவற்றிலும் படுகளம் நடக்கிறது. அருள் வந்தவர்கள் பிணம்போல் தரையில் விழுகிறார்கள்; பிறகு எழுப்பப்படுகிறார்கள். வீரன் விழுவதை நடித்துக் காட்டியே அவனைக் கும்பிட்ட ஜனங்கள் நாம். விழவே கூடாதவனாக அவனை ஆக்கியது, கொடி பிடிக்கக் கற்றுக்கொண்ட பிற்காலத்து நாம்தான்.

"தெய்வத்தை விளையாட்டுச் சாமான் ஆக்கலாமுங்களா?" என்று கேட்பார்கள். தெருக்கூத்தில் கிருஷ்ணன் வேஷம் கட்டியவர் விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு டீக்கடையில் நிற்கிறார். கிருஷ்ணனுக்கு என்ன குறைந்தது? கொலுப்படியில் தசாவதாரத்தைப் பேரம் பேசி வாங்கி அடுக்குகிறோம். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரைக் குளத்தில் கரைக்கிறோம். பக்தி இவ்வளவையும் தாங்கியது. பகடை உருட்டுவதையும் தாங்கும். தாங்காது போவது சாதிச் செருக்கு ஒன்றுதான்; அதைக் காப்பாற்றுவது என் வேலையல்ல, உங்கள் வேலையும் அல்ல.

ஆகையால், ‘நம்ம ஊர் வீரன் எங்கே’ என்று கேட்கிற பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது. அச்சு எடுக்கத் தெரிந்த ஆள் நம் ஊரில் இருக்கிறார். வார்ப்படச் சாலை இருக்கிறது. கணினியில் உருவம் அமைத்து அச்சிடுகிற இயந்திரமும் வந்துவிட்டது. முதலில் பொன்னாச்சியைச் செய்யுங்கள். நாய்க்குட்டிக்குச் சாதி கிடையாது. யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பிறகு கொம்பன். பிறகு சாம்புவன், அண்ணன்மாருக்குக் கொடுக்கிற அதே உயரத்தில் அவனையும் வாருங்கள். தங்கத்தை மூலையில் அழுதுகொண்டு நிற்கிறவளாகச் செய்யாதீர்கள். களத்துக்கு நடந்து வந்தவள் அவள். கடைசியாக வேட்டுவர். அவர்கள் முகத்தைக் கோரமாக்காமல், காட்டைக் காக்க வந்தவர்களின் முகமாகச் செதுக்குங்கள். பனைமரமும் கவலை ஏற்றக் கிணறும் முள்வேலியும் சேர்த்து ஒரு மேஜை போடுங்கள். கவுண்டர் வீட்டுப் பிள்ளை ஒருநாள் வேட்டுவர் பக்கம் ஆடட்டும். வேட்டுவர் வீட்டுப் பிள்ளை அண்ணன்மாரை நகர்த்தட்டும். சாம்புவன் வழிவந்த பிள்ளை இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்கட்டும்.

அப்படி ஒரு பெட்டியைச் செய்து கொண்டுவந்து வையுங்கள். அதற்குப் பிறகும் பையன் சாமுராயைத்தான் வாங்குவேன் என்றால், அவனைக் கேலி செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை அவன் தன் மேஜையில், தன் காசில், தன் வர்ணத்தில் விளையாடட்டும். நடுவில் புகுந்து சிரிக்காதீர்கள். முடிந்தால் எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அந்தத் தம்பி மரியாதையாகவே விதியைச் சொல்லித் தருவார்.